முல்தானி மிட்டி: காய்ந்து வெடிக்கும் வரை காத்திருக்காதீர்கள்

முகத்தில் முல்தானி மிட்டியை அப்பிக்கொண்டு ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து, அது காய்ந்து, வெளிறி, வாயைத் திறந்தால் கன்னத்தில் விரிசல் விழும் வரை காத்திருப்பவர்கள்தான் அதிகம். நன்றாகக் காய்ந்தால்தான் நன்றாக வேலை செய்யும் என்று யாரோ சொல்லி வைத்துவிட்டார்கள். ஈரமாக இருக்கும்போதுதான் அந்த மண் தோல் மேல் உள்ள எண்ணெயையும் அழுக்கையும் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. முழுசாகக் காய்ந்த பிறகு அது தோலில் இருக்கிற ஈரத்தையும் இழுக்கும், சுருங்கிப் பிடித்துத் தோலை எரிச்சல் படுத்தும், அவ்வளவுதான். கழுவியதும் முகம் டைட்டாக இருக்கிறதே என்று கண்ணாடி பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே, அதற்குப் பெயர் வறட்சி.

எப்போது கழுவுவது என்பதற்குக் கடிகாரத்தைவிட முகத்தையே நம்பலாம். மெல்லிசாகப் பூசிய தாடை ஓரமும் நெற்றி ஓரமும் முதலில் நிறம் வெளிறும், அப்போது மூக்கின் இரண்டு பக்கமும் கொஞ்சம் கருத்த ஈர நிறத்திலேயே இருக்கும். அந்த ஈரமான இடத்தை விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும், ஆனால் வழியக் கூடாது. அதுதான் சமயம். சித்திரை வெயிலில் ஃபேனுக்குக் கீழே இருந்தால் பத்து நிமிடத்துக்கு முன்பே இந்தப் பதம் வந்துவிடும், ஆகவே பாக்கெட்டில் இருபது நிமிடம் என்று போட்டிருக்கிறதே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மறந்துபோய்க் காய்ந்தே விட்டதா? தேய்த்து உரிக்க வேண்டாம். தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள், முகம் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் போடுங்கள்.

அடுத்தது, கலவை. முல்தானி மிட்டி தனியாகப் போதும் என்று நமக்கு மனசே வருவதில்லை. எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, தக்காளி என்று அடுக்களையில் பாதி அதில் இறங்கிவிடும். எலுமிச்சைதான் இதில் மோசம். அமிலத்தை அளக்கும் பி.எச். எண் குறையக் குறைய அமிலம் கூடும். தோலின் பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும், எலுமிச்சைச் சாற்றுடையது கிட்டத்தட்ட 2. அந்த அமிலம் போதாதென்று, எலுமிச்சை இனப் பழங்களில் உள்ள சில பொருட்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமோ கருந்திட்டோ வரலாம், அந்தத் திட்டு மாதக்கணக்கில் போகாது. முகம் வெளுக்க வேண்டும் என்று போட்டது கறுக்க வைத்துவிட்டுப் போகும். சமையல் சோடா எதிர்ப்பக்கம், காரத்தின் பக்கம் இழுக்கும், அதுவும் வேண்டாம். பச்சைத் தண்ணீரோ நல்ல பன்னீரோ விட்டுத் தோசை மாவு பதத்துக்குக் குழைத்தால் போதும். பூசினால் முகம் லேசாக வறளும் என்றால் கொஞ்சம் தயிரோ தேனோ சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாக் களிமண்ணும் ஒன்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முல்தானி மிட்டி எண்ணெயை நன்றாக உறிஞ்சும் வகை. பென்டோனைட் தண்ணீர் பட்டதும் பல மடங்கு உப்பிப் பெருகும், அதில் காரத்தன்மையும் அதிகம். வெள்ளையாக இருக்கும் கயோலின் உப்பாது, மென்மையானது. எண்ணெய் வழியும் முகத்துக்கு முல்தானி மிட்டி வாரம் ஒருமுறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறை. வறண்ட தோல்காரர்கள் கயோலினோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அதுவும் எப்போதாவது. முகப்பருவுக்கு டாக்டர் அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு மாதிரி ஏதாவது எழுதிக்கொடுத்திருந்தால் அவரைக் கேட்காமல் மண் பக்கம் போகாதீர்கள். அந்த மருந்துகளால் ஏற்கெனவே உலர்ந்து உரிகிற தோல் அது. த்ரெடிங், ஷேவிங் செய்த அன்றும் வேண்டாம்.

இயற்கையானது, ஆகவே ஆபத்தில்லை என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதுதான் பெரிய தலைவலி. ஈயமும் ஆர்செனிக்கும்கூட இயற்கைதான், மண்ணில்தான் இருக்கின்றன. 2016-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஈயம் கூடுதலாக இருந்ததால் இரண்டு பென்டோனைட் பொருட்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. தோல் வழியாக ஈயம் உள்ளே போவது குறைவு, வாய் வழியாகப் போவதுதான் பயம். அதனால் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். கர்ப்பக் காலத்தில் சிலருக்கு மண் வாசனைக்கு நாக்கு ஊறும், முல்தானி மிட்டிக் கட்டியை ரகசியமாக மென்றுகொண்டிருப்பார்கள். அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு வருகிற ஆசை, டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டிய விஷயம்.

ஏரிக்கரைக் களிமண், புற்றுமண் என்று நேராக வெட்டியெடுத்து முகத்தில் பூசும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. இயற்கை மருத்துவத்தில் மண் பற்று போடுகிறவர்கள்கூட மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, மூன்று நான்கு அடி ஆழத்தில் எடுத்து, கல் பொறுக்கி, வெயிலில் காயவைத்துச் சலித்துத்தான் தொடுவார்கள். பூச்சிமருந்து அடித்த வயலோரத்து மண்ணுக்கு எந்தச் சலிப்பும் உதவாது. டெட்டனஸ் கிருமி குடியிருப்பதும் மண்ணில்தான், ஆகவே உடைந்த பரு, கீறல், புண் எதன் மேலும் மண் கூடாது, பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் கூடவே கூடாது.

களிமண் உடம்பிலிருக்கும் நச்சை வெளியே இழுக்கிறது என்பதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கின்றன. இரும்புக் கரண்டியால் தொட்டால் களிமண்ணின் சக்தி போய்விடும் என்பதும் அதே ரகம்தான், இரண்டு நிமிடம் எவர்சில்வர் கரண்டியால் கலக்கினால் ஒன்றும் ஆகாது. ஆனால் பொடியைக் கொட்டும்போது ஃபேனை நிறுத்துங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

குழைத்து மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் பூசலாம் என்று நினைக்க வேண்டாம், ஈரப்பட்ட மண்ணில் பூஞ்சையும் கிருமியும் வளரும். தேவைக்கு ஒரு கரண்டி மட்டும் எடுங்கள், ஈரக் கரண்டியை டப்பாவுக்குள் விடாதீர்கள். அப்புறம், கிண்ணத்தில் மிஞ்சியதை வாஷ்பேசினில் ஊற்றினால் குழாய்க்குள் படிந்து அடைத்துக்கொள்ளும். வெறும் தண்ணீரில் குழைத்தது என்றால் செடித் தொட்டியில் ஊற்றிவிடுங்கள்.