டிஆர்பி சரியும் வாரத்தில் நெடுந்தொடரின் கதையைக் காப்பது எப்படி

நெடுந்தொடருக்குத் திரைக்கதை எழுதப் புதிதாகச் சேர்பவர் வியாழக்கிழமைகளுக்குப் பழகிக்கொள்ள வேண்டும். சனி முதல் வெள்ளி வரையிலான வாரத்துக்கான பார்வையாளர் கணக்கை, அதாவது டிஆர்பியை, தொலைக்காட்சிப் பார்வையாளர்களை அளக்கும் அமைப்பான பார்க் இந்தியா அன்றுதான் வெளியிடுகிறது. எண் இறங்கியிருந்தால், கதையை மாற்றச் சொல்லிச் சேனலிலிருந்து அழைப்பு வரும்.

உடனே ஒப்புக்கொள்ளாமல், நிமிட வாரியான கணக்கைக் கேட்டு வாங்குங்கள். டிஆர்பியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதும் அடக்கம். அரை மணி நேரத் தொடரில் பத்து நிமிடம் மட்டும் இருந்தவர் மூன்றில் ஒரு பங்காகவே சேர்க்கப்படுவார். முதல் நிமிடத்திலேயே கூட்டம் குறைவென்றால், எதிர்ச் சேனலின் கிரிக்கெட்டோ, இரண்டு தொடர்களை இணைத்து ஓட்டும் மகாசங்கமமோ காரணமாக இருக்கலாம். குறிப்பிட்ட ஒரு காட்சியில் ஆட்கள் கலைந்திருந்தால்தான் எழுத்தைச் சந்தேகிக்க வேண்டும். மீட்டர் பொருத்திய மாதிரி வீடுகளை வைத்து எடுக்கும் கணக்கு என்பதால், ஒரே வாரத்துச் சிறு சரிவை நான் பொருட்படுத்துவதில்லை.

சரிவு உண்மையென்றால், பெரும்பாலும் இழுவைதான் காரணம். மாமியாரின் பீரோவிலிருந்த உயில் மருமகள் கைக்கு வருகிறது. பிரிக்கும்போது செல்போன் அடிக்கிறது. திரும்பி வருவதற்குள் உயிலைக் காணோம். இப்படி இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை ரிமோட்டை எடுத்துவிடுவார். புதன்கிழமையே அவளைப் படிக்க விடுங்கள். படித்ததைக் கணவனிடம் சொல்வாளா, பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோவாளா, மாமியாரிடமே பேரம் பேசுவாளா என்று யோசித்தால் இரண்டு வாரத்துக்கு ஒன்லைன், அதாவது காட்சிவாரியான கதைச் சுருக்கம், தேறும். (விபத்து, கோமா, இரட்டை வேடம் ஆகியவற்றைச் சேனலே கேட்கும், நீங்களாக நீட்டாதீர்கள்.)

எடுபடும் ஒரே பாத்திரத்துக்குக் காட்சிகளைக் குவிக்கச் சொல்வது இன்னொரு வகை அழுத்தம். சன் டிவியின் எதிர்நீச்சலில் ஆதி குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்தார். வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். தொடர் 2024 ஜூன் வரை ஓடியது. அந்த வீட்டு மருமகள்களுக்கென்று தனித்தனிக் கதைகள் இருந்திராவிட்டால் அது அவ்வளவு காலம் தாங்கியிருக்காது என்பது என் கணிப்பு. ஆகவே வில்லன் கொடிகட்டிப் பறக்கும் வாரத்திலும் மற்றவர்களின் ட்ராக்கைப் பட்டினி போடாதீர்கள்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், எடுத்து முடித்த எபிசோடுகளில் கைவைக்காமல், படமாக்காத பகுதிக்கு இரண்டு ஒன்லைன்கள் எழுதி, ஒவ்வொன்றிலும் எந்தப் பழைய முடிச்சு அவிழாமல் நின்றுவிடும் என்பதைக் குறித்து, இயக்குநர் மூலமாகச் சேனலுக்கு அனுப்புங்கள்.