பயனர் நிறுவனங்களின் திருத்தங்களைக் கொண்டு பொது வார்ப்புருவை மேம்படுத்துகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொள்முதல், இருப்பு, விற்பனை போன்ற செயல்முறைகளுக்கு, ஒரு நிறுவனத்தின் வேலைகளை ஒரே இடத்தில் நடத்தும் ஈ.ஆர்.பி. மென்பொருள்கள் ஒரு பொது வார்ப்புருவைத் தருகின்றன. அதை வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் தேவைக்கேற்ப ஒரு படியைச் சேர்க்கிறது, படிவத்தில் நிரப்பும் ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்குகிறது, ஓர் ஒப்புதலை நீக்குகிறது. எஸ்.ஏ.பி. என்ற ஈ.ஆர்.பி. மென்பொருளில் இசட் அல்லது ஒய் என்ற எழுத்தில் தொடங்கும் நிரல்களாகவும், ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற மற்றொன்றில் மூலப் படிவத்திலிருந்து பிரித்துச் சேமிக்கப்படும் கூடுதல் கட்டங்களாகவும் இந்தத் திருத்தங்கள் தனித்துக் கிடப்பதால், அவற்றைத் திரட்டிப் பட்டியலிடுவது கடினமன்று. அந்தப் பட்டியலைக் கொண்டு அடுத்த பதிப்பின் வார்ப்புருவைச் செம்மைப்படுத்தலாம் என்பது நல்ல எண்ணமே. ஆனால் பலரும் திருத்தங்களை எண்ணுவதோடு நின்றுவிடுகிறார்கள். அவை ஏன் செய்யப்பட்டன என்று விசாரிப்பதில்லை. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஒரே கட்டத்தைப் பல நிறுவனங்கள் சேர்த்திருந்தால் அது எல்லோருக்கும் வேண்டியது என்று முடிவு கட்டுவது முதல் தவறு. அந்த நிறுவனங்கள் அனைத்திலும் மென்பொருளை நிறுவிக் கொடுத்தவர் ஒரே ஆலோசகராக இருக்கலாம்; முதல் வாடிக்கையாளருக்கு எழுதிய நிரலையே அவர் மற்றவர்களிடமும் ஏற்றிவிட்டுப் போயிருக்கலாம். அப்படியானால் பட்டியலில் பல வாக்குகளாகத் தெரிவது உண்மையில் ஒரே வாக்கு. எண்ணிக்கையைப் பார்க்குமுன், திருத்தத்தைச் செய்தவர் யார், அந்தக் கட்டத்தை இன்றும் எவராவது நிரப்புகிறார்களா என்ற இரண்டையும் சரிபார்க்க வேண்டும்.

எல்லாத் திருத்தங்களையும் ஒரே வகையாகக் கருதுவது இன்னும் பெரிய தவறு. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலை எடுத்துக்கொள்வோம். நூலை வாங்கும் நிறுவனம் அதைப் பின்னுவதற்கு ஓரிடத்துக்கும், சாயமேற்ற வேறோரிடத்துக்கும், பிறகு துணியின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பாக்டிங், பிரிண்டிங் என்று மேலும் சில இடங்களுக்கும் ஜாப் வொர்க்காக, அதாவது கூலிக்குச் செய்து தரும் வேலையாக, அனுப்புகிறது. சரக்கு வெளியே போகிறது, ஆனால் அது விற்பனை அன்று. உள்ளே வருகிறது, ஆனால் அது கொள்முதல் அன்று. வாங்குதல், இருப்பு வைத்தல், ஒரே கூரையின்கீழ் உற்பத்தி செய்தல், விற்றல் என்ற வரிசையில் அமைந்த வார்ப்புருவில் இதற்கு இடமில்லை என்பதால் திருத்தங்கள் குவிகின்றன.

அந்தக் குவியலைப் பிரித்துப் பார்த்தால் நான்கு வேறு காரணங்கள் தெரியும். சரக்கோடு போகும் சீட்டான டெலிவரி செலானின் எண்ணும், சரக்கு திரும்ப வேண்டிய தேதியும் சட்டத்தால் வந்தவை: மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் 1 ஆண்டுக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்கப்பட வேண்டும். இல்லையெனில் அனுப்பிய நாளிலேயே அது வழங்கப்பட்டதாகக் கருதப்படும். இது அடிப்படை வார்ப்புருவின் மேல் இந்தியாவுக்கென வைக்கும் தனி அடுக்கில் சேர வேண்டியது. சாயப்பட்டறையிலிருந்து துணி நிறுவனத்துக்குத் திரும்பாமல் நேரே காம்பாக்டிங்குக்குப் போவதும், சாயமேற்றும்போது எடை குறைவதைப் பதிவதும் தொழில் சார்ந்தவை. அவை ஆடைத் துறைக்கான வார்ப்புருவில் இருக்கலாம். குறிப்பிட்ட தொகைக்கு மேலான எதையும் முதலாளியே பார்த்து அனுமதிக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் சொந்த வழக்கம்; அதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. நான்காவது வகைதான் தங்கம். கிடங்கில் இருப்பவர் குறிப்புக் கட்டத்தில் துணி ரோல்களின் எண்ணிக்கையை எழுதி வைப்பார், ஏனெனில் படிவம் கிலோ ஒன்றை மட்டுமே கேட்கிறது. துணியோ கிலோவிலும் ரோலிலும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. இது வார்ப்புருவின் குறை. பட்டியலில் இது கடைசி வரியில் கிடந்தாலும் முதலில் சரிசெய்ய வேண்டியது இதுவே.

சட்டத்தால் வந்ததை அடிப்படை வார்ப்புருவிலேயே பதித்துவிடுபவர்கள் பின்னர் அவதிப்படுகிறார்கள். விற்பனைப் பில்லை அரசுத் தளத்தில் பதியும் மின்-இன்வாய்ஸ் கட்டாயத்துக்கான விற்றுமுதல் வரம்பு 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாயில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. இத்தகைய எண்ணை நிரலுக்குள் எழுதாமல், மாற்றத்தக்க அமைப்பாக வைக்க வேண்டும்.

சேர்க்கப்பட்டவற்றை மட்டும் பார்த்து, கைவிடப்பட்டவற்றைப் பார்க்காமல் இருப்பதும் வழக்கமான பிழை. ஒரு படி பிடிக்காதபோது எல்லோரும் அதை நீக்கச் சொல்வதில்லை, சுற்றிப் போய்விடுகிறார்கள். கட்டாயக் கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்வதும், சரக்கும் பில்லும் வந்த பிறகு கொள்முதல் ஆணையைப் போடுவதும் எந்தத் திருத்தப் பட்டியலிலும் வராது. ஆவண எண், செய்த வேலை, நேரம் என்ற மூன்றும் உள்ள பதிவேட்டை எடுத்து, பில் தேதிக்குப் பிறகு பிறந்த ஆணைகள் எத்தனை என்று பார்த்தாலே, ஒப்புதல் படி எங்கே வெறும் சடங்காகிவிட்டது என்பது புலப்படும்.

பரவலாக விரும்பப்படும் திருத்தம் பாதுகாப்பானதாகவும் இருக்கும் என்று நம்பக்கூடாது. விற்பனையாளரின் வங்கிக் கணக்கை மாற்றுபவரும் பணம் அனுப்புபவரும் ஒருவராகவே இருக்கலாம் என்ற சலுகை வேலையை விரைவுபடுத்தும். மோசடிக்கும் அதுவே வாசல். இந்தியாவில் நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், அணைக்க முடியாத மாற்றப் பதிவேடு இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. எனவே அந்தப் பதிவைக் குறைக்கும் திருத்தம் எத்தனை இடங்களில் இருந்தாலும் ஏற்கத்தக்கதன்று.

எல்லோருக்கும் எல்லாம் என்று வார்ப்புருவின் ஒரே செயல்முறை வரைபடத்தில் நிபந்தனைக் கிளைகளை அடுக்குவதும் வேண்டாம். சிக்கலான வரைபடத்தில் பிழை ஒளிந்துகொள்ளும். எஸ்.ஏ.பி. வெளியிட்ட மாதிரித் தொகுப்பின் சுமார் 600 வரைபடங்களை ஆய்வாளர்கள் கணினியால் சோதித்தபோது, குறைந்தது 34 வரைபடங்களில் தர்க்கப் பிழைகள் இருந்தன. கிளைகளைப் பெருக்குவதைவிட, வேறுபடும் இடங்களை மட்டும் தெரிவுகளாக அடையாளமிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் இயல்புத் தெரிவை வைப்பது மேல்.

திருத்தங்களைத் திரட்டும்போது ஒப்புதல் வரம்புகள், விற்பனையாளர் பெயர்கள் போன்றவற்றை நீக்கிவிட வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. ஆனால் சிலர் மறந்துவிடும் ஒன்று உண்டு: புதிய வார்ப்புரு வெளிவரும் நாளில் பாதி வழியில் நிற்கும் ஆவணங்கள். சாயப்பட்டறையில் இருக்கும் துணிக்கான செலான் பழைய படிகளின்படி தொடங்கியது. அது அந்தப் படிகளிலேயே முடிய அனுமதித்து, புதிய செலான்களுக்கு மட்டும் புதிய பதிப்பைப் பொருத்த வேண்டும். ஒரு நிறுவனம் முன்பே செய்திருந்த திருத்தம் இப்போது வார்ப்புருவிலேயே வந்துவிட்டால், பழைய கட்டத்தின் விவரங்களைப் புதிய கட்டத்துக்கு மாற்றிய பிறகே பழையதை மூட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ரோல் எண்ணிக்கை இரண்டு இடங்களில், இரண்டு மதிப்புகளோடு நிற்கும்.