ஜேன் கிரேயை எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் அமெரிக்க நாவலாசிரியர் ஜேன் கிரேயை (Zane Grey) ஒருமுறையாவது படித்துவிட வேண்டும். கறுப்பு உடுப்பில் குதிரையேறி ஊருக்குள் நுழையும் அந்த அந்நியனை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

வரிசையாகப் படிக்க வேண்டாம். 1912இல் வந்த 'ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்' நாவலை முதலில் எடுங்கள். பதிப்புரிமை முடிந்துவிட்டதால் 'பிராஜெக்ட் குட்டன்பர்க்' இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நில வர்ணனை நீளமாக இருக்கிறதே என்று பக்கங்களைத் தாண்டாதீர்கள். அவருக்கு நிலம்தான் முதல் பாத்திரம்.

படிக்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காங்கயம், வெள்ளக்கோவில் பக்கத்துக் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலி இருக்கிறது. மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் கொழுக்கட்டைப்புல்லை மேய்ந்துகொண்டு கிடக்கும். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை. கதை நடக்கும் 1871ஆம் ஆண்டு யூட்டாவில் அந்த வேலி இல்லை. நாயகி ஜேன் விதர்ஸ்டீனின் ஆயிரக்கணக்கான மாடுகளைக் காப்பது குதிரைக்காரர்கள்தான். அவர்களை ஒவ்வொருவராகப் பிரித்துவிட்டால் அவள் சொத்தே போய்விடும். இது பிடிபட்டால் கதையின் பாதி முடிச்சு அவிழ்ந்த மாதிரி.

மந்தை மிரண்டு ஓடும் அத்தியாயத்தை மெதுவாகப் படியுங்கள். கறுப்பு உடுப்பு நாயகன் லாசிட்டர் மந்தைக்குப் பின்னால் போகமாட்டான். முன்னால் பாய்ந்து, தலைமாடுகளை ஒரு பக்கமாக வளைப்பான். பின்னால் வருபவையும் வளைய, மந்தை வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கும். வட்டம் இறுகி இறுகிக் கடைசியில் ஓட இடமில்லாமல் நின்றுபோகும். இதை என் அப்பாருக்குச் சொன்னபோது, "பின்னால நின்னு கத்துனா மாடு இன்னும் ஓடுங் கண்ணு, முன்னதைத்தான் மடக்கோணும்" என்றார். மாடு மேய்த்தவர் யாராவது வீட்டில் இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக்காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. யூட்டாவில் குடியேறிய மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை இந்நாவல் பெரும்பாலும் வில்லன்களாகவே காட்டுகிறது. அதை வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் அவர் வாழ்க்கை. அதற்கு அமெரிக்க வரைபடம் ஒன்றை விரித்து அவர் வீடுகளைக் குறிப்பதுதான் நல்ல வழி. 1872இல் ஒஹாயோவின் ஜேன்ஸ்வில்லில் (Zanesville) பிறந்தார். அந்த ஊரே அவருடைய தாய்வழி முன்னோர் பெயரால் அமைந்தது. நியூயார்க்கில் பல் மருத்துவராக இருந்தார். 1905இல் டாலியைக் கட்டிக்கொண்டு பென்சில்வேனியாவின் லாக்கவாக்சனில், இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் குடியேறினார். 1907இல் அரிசோனா போய் வந்த பிறகுதான் மேற்கு அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பயணத்துக்குக் கைகொடுத்தது டாலிக்கு வந்த பரம்பரைப் பணம். கையெழுத்துப் பிரதியைத் திருத்துவது, பதிப்பாளரிடம் பேரம் பேசுவது எல்லாமே டாலிதான். கிரே மாதக்கணக்கில் மீன்பிடிக்கப் போய்விடுவார். வீடும் தொழிலும் இந்த அம்மாள் கையில் நடந்தன. கிரேயின் பெயரைச் சொல்லும்போது டாலியின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அரிசோனாவில் மொகொல்லோன் செங்குத்துச் சரிவின் கீழ் இருந்த மரக்குடில் 1990இல் காட்டுத்தீயில் எரிந்தது. பேசன் ஊரில் அதன் மாதிரி ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். கலிபோர்னியாவின் ஆல்டடீனாவில் 1920இல் வாங்கிய மாளிகை, தீக்குப் பயந்தே கான்கிரீட்டில் கட்டப்பட்டது. அதுவும் 2025 ஜனவரித் தீயில் போய்விட்டது. செய்தியைப் படித்தபோது மனம் ரொம்பக் கனத்தது. கட்டலினா தீவில் ஹோப்பி பழங்குடியினர் பாணியில் கட்டிய வீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். லாக்கவாக்சன் வீடு இன்றும் நிற்கிறது. தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1939இல் இறந்த கிரேயும் 1957இல் இறந்த டாலியும் அதே ஊரில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் அங்கே போகும்போது இந்த வீட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்து எது என்றால், 'தி வானிஷிங் அமெரிக்கன்'. பழங்குடி இளைஞன் ஒருவனுக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்லும் நாவல். முதலில் சொன்ன நாவலைவிடக் கனமானது, அவசரப்படாமல் படியுங்கள்.