அதிக உதிரப்போக்கு: கர்ப்பப்பையை எடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் மாதவிடாயில் அதிகமாக உதிரம் போகும் பெண்கள் பலருக்கு இரண்டே வழிதான் தெரிகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது, முடியாமல் போனால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது. பெரிய தவறே இதுதான்.

“எங்கம்மாவுக்கும் இப்படித்தான் போகும்” என்று விட்டுவிடாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் நாப்கின் நனைந்தாலோ, ஏழு நாளைத் தாண்டினாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். அம்மாவுக்கும் அப்படி என்றால் அதையும் சொல்லுங்கள். ரத்தம் உறைவதில் உள்ள குறை பரம்பரையாக வரலாம்.

அடுத்தது மெடிக்கல் ஷாப். பக்கத்து வீட்டு அக்காவின் பழைய சீட்டைக் காட்டி டிரானெக்சாமிக் மாத்திரை வாங்குவது இங்கே சகஜம். நல்ல மாத்திரைதான், உதிரத்தைப் பாதியளவுக்குக்கூடக் குறைக்கும். ஆனால் போக்கு இருக்கும் நாட்களில் மட்டுமே போட வேண்டும். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் போடவே கூடாது. ஆடிக் கூழுக்காக நாள் தள்ளப் போடும் நோரெதிஸ்டிரோன் ஹார்மோன் மாத்திரை வேறு ரகம். டாக்டர் அதையே உதிரத்தை நிறுத்தவும் தருவார். பாதியில் விட்டால் மறுபடி கொட்டும்.

கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப் என்றதும் காப்பர் டி நினைவுக்கு வந்து பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயம் உண்டு, காப்பர் டி உதிரத்தைக் கூட்டக்கூடியது. லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் லூப் நேர் எதிர். மருந்துகளிலேயே போக்கை அதிகம் குறைப்பது அதுதான். முதல் மூன்று முதல் ஆறு மாதம் அவ்வப்போது சொட்டுச் சொட்டாகப் படும். அதற்குள் பலர் எடுத்துவிடுகிறார்கள், அப்புறம் “வேலை செய்யலை” என்கிறார்கள்.

ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களைப் பின்பற்றும்படி 2023இல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்கேன், தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்தாகிவிட்டதா? நாற்பத்தைந்தைத் தாண்டியவர் என்றால் கர்ப்பப்பை உட்சுவரிலிருந்து சதை எடுத்துச் சோதித்தார்களா? சினைப்பையையும் எடுக்கப் போகிறார்களா, ஏன்? கேளுங்கள். இரண்டாவது கருத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனை இருக்கிறது. மணிக்கொரு நாப்கின் நனைந்து தலையும் சுற்றினால் காத்திருக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உதிரம் நின்றாலும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும், டீயோடு சேர்த்துப் போடாமல்.