ஜோரோவும் சான்ஜியும் முட்டிக்கொள்ளும் படம் வரைவது எப்படி?

ஒன் பீஸ் என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்க்கும் யாருக்கும் அதில் வரும் இந்த இருவரின் சண்டை பழக்கமானது. வரையத் தொடங்குபவர்கள் முகத்தில்தான் கோபத்தைத் தேடுவார்கள். உண்மையில் சண்டை தெரிவது உடம்பு சாயும் விதத்தில்தான். அதனால் முகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். கதையின் இரண்டாண்டு இடைவெளிக்கு முந்தைய தோற்றத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

1. ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வைத்து, 2பி பென்சிலால் மெல்லிய கிடைக்கோடு ஒன்று போடுங்கள். ஜோரோ 178 செ.மீ., சான்ஜி 177 செ.மீ. இருவரின் கண்ணுக்கும் இந்த ஒரே கோடு போதும்.

2. சான்ஜி இடப்பக்கம், ஜோரோ வலப்பக்கம். இதை மாற்றாதீர்கள். சான்ஜியின் முடி இடது கண்ணை மறைக்கும். ஜோரோவின் மூன்று காதணிகளும் இடது காதில். இப்படி நிறுத்தினால்தான் சான்ஜியின் கண்ணும் காதணிகளும் நம் பக்கம் வரும்.

3. முக்கியமான இடம் இது. முதுகெலும்புக்கு ஆளுக்கொரு வளைகோடு. பாதங்கள் தள்ளியே இருக்கட்டும், தலைகள் மட்டும் நெருங்கட்டும். தாடையைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் நெற்றிகள் ஒட்டும். மூக்குகளுக்கு நடுவே பென்சில் முனை நுழையும் அளவு இடம் விடுங்கள். இருவரும் நேராக நின்றால், என்னதான் முறைத்தாலும் பேசிக்கொண்டிருப்பதுபோலத்தான் இருக்கும்.

4. சான்ஜியின் கைகள் பேன்ட் பாக்கெட்டில். சமையல்காரன் என்பதால் கையைச் சண்டைக்கு நீட்டமாட்டான், அவன் குணத்துக்கும் அதுதான் பொருத்தம். ஜோரோவின் வாள்கள் வலது இடுப்பில். இந்தக் கோணத்தில் பிடிகளும் உறை நுனிகளும் தெரிந்தால் போதும்.

5. சரி, இப்போது முகம். புருவத்தின் உள்முனை மேலிமையைத் தொடட்டும். கருவிழியைச் சின்னதாக்கி, சுற்றிலும் வெள்ளை விடுங்கள். இருவருக்கும் ஒரே வாயைப் போடவே கூடாது: ஜோரோ வாய் திறந்து கத்தட்டும், சான்ஜி சிகரெட்டைப் பல்லால் கடிக்கட்டும். சான்ஜியின் புருவச் சுருளை மறந்தால் ஆளே மாறிவிடுவான்.

6. அப்புறம் நெற்றிப்பொட்டில் அந்தக் கோப நரம்புக் குறி: முதுகைக் காட்டி நிற்கும் நான்கு சிறு வளைவுகள். ஒருவனுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள், யார் தோற்கிறான் என்பது உடனே தெரியும்.

மை பேனாவால் இழுத்தபின் நன்றாகக் காயவிட்டே ரப்பர் போடுங்கள். வண்ணத்தில் ஜோரோவின் பச்சை முடியையும் சான்ஜியின் மஞ்சள் முடியையும் முதலில் தீட்டுங்கள். சான்ஜி போட்டிருக்கும் கறுப்புக் கோட்டு கடைசியில்.