மருத்துவ நுழைவுத் தேர்வை மறுபடி எழுதலாமா? முடிவெடுக்க ஒரு செய்முறை

மதிப்பெண் வந்த அன்றைக்கு "இன்னொரு தடவை எழுதியே ஆக வேண்டும்" என்று தோன்றும். சிலருக்கு "போதும், இனி வேண்டவே வேண்டாம்" என்று தோன்றும். இரண்டையும் அன்றைக்கு நம்ப வேண்டாம். விண்ணப்பத்துக்கோ கலந்தாய்வுக்கோ கடைசி நாள் நெருங்கினால் அதை மட்டும் தவறவிடாமல் முடித்துவிட்டு, ஒரு வாரம் போகட்டும் என்று விடுங்கள். அப்புறம் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன தடவை செய்யாத எதை இந்தத் தடவை செய்யப்போகிறீர்கள்? அந்த நோட்டில் பதில் தேட வேண்டிய கேள்வி இதுதான். பதில் தெளிவாக இருந்தால் எழுதலாம். இல்லையென்றால், மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இப்போதைக்கு எழுத வேண்டாம் என்பது என் கருத்து.

படி 1: உங்கள் தேர்வின் விதியைப் படியுங்கள்

தேர்வுக்குத் தேர்வு விதி மாறும். நீட் தேர்வை இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை, வயது உச்சவரம்பும் இல்லை. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு அந்த ஆண்டு மதிப்பெண் அந்த ஆண்டுக்கு மட்டும்தான் செல்லும். அமெரிக்க, கனடா கல்லூரிகள் கேட்கும் எம்கேட் தேர்வில் கண்டிப்பு அதிகம்: ஒரே ஆண்டில் 3 தடவை, அடுத்தடுத்த 2 ஆண்டுகளில் 4 தடவை, வாழ்நாளில் 7 தடவை. தேர்வு முடிந்ததும் "என் தாளைத் திருத்த வேண்டாம்" என்று ரத்து செய்தாலும், பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தாலும், அதுவும் ஒரு தடவையாகக் கணக்கில் சேரும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கல்லூரிகளுக்கான யூகேட்டை ஒரு சேர்க்கைச் சுற்றில் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். அங்கே மறுபடி எழுதுவது என்றால் ஓராண்டு காத்திருப்பது என்றே பொருள்.

பழைய மதிப்பெண் என்னவாகும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். நீட்டில் போன ஆண்டு மதிப்பெண் இந்த ஆண்டுச் சேர்க்கையைத் தொடாது. எம்கேட்டில் கல்லூரிகள் எல்லா மதிப்பெண்ணையும் பார்க்கும். சில கல்லூரிகள் அதிகபட்சத்தை எடுத்துக்கொள்ளும், சில கடைசியாக வாங்கியதை, சில சராசரியை. இரண்டாம் தடவை இறங்கினால் அந்த இறக்கமும் அவர்கள் கண்ணில் படும்.

படி 2: எவ்வளவு தூரம் பாக்கி என்று அளந்து பாருங்கள்

எம்கேட் மதிப்பெண் 472 முதல் 528 வரை. மொத்த மதிப்பெண் இரண்டு புள்ளி மேலேயோ கீழேயோ தள்ளி இருக்கக்கூடும் என்று தேர்வை நடத்துபவர்களே சொல்கிறார்கள். 508 வாங்கியவரும் 510 வாங்கியவரும் ஒரே திறமையோடு இருக்க வாய்ப்பு உண்டு. அந்த இரண்டு புள்ளிக்காக மட்டும் மறுபடி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீட்டில் மதிப்பெண்ணைவிடத் தரவரிசையைப் பாருங்கள். 2024இல் 720க்கு 720 வாங்கியவர்களே பல பேர். 2025இல் கேள்வித்தாள் கடினம், முதலிடம் பிடித்தவரின் மதிப்பெண்ணே 686. "போன வருஷம் இந்த மார்க்குக்கு சீட் கிடைத்ததே" என்ற பேச்சை வைத்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உங்கள் பிரிவில், நீங்கள் விரும்பும் கல்லூரியில், கடைசியாக இடம் கிடைத்த தரவரிசை எது? உங்களுடையது எது? இரண்டையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

படி 3: மாதிரித் தேர்வுகளோடு ஒப்பிடுங்கள்

முழு நேரம் வைத்து, நடுவில் எழுந்திருக்காமல் எழுதிய கடைசி நான்கைந்து மாதிரித் தேர்வுகளை எடுங்கள். உண்மைத் தேர்வின் மதிப்பெண் அவற்றைவிட நன்றாகக் குறைந்திருந்தால் அன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது: காய்ச்சல், தூக்கமின்மை, ஒரு பகுதியிலேயே நேரத்தைக் கொட்டியது, விடைத்தாளில் வரிசை மாறி நிரப்பியது. இந்த நிலையில் மறுபடி எழுத நல்ல காரணம் இருக்கிறது. இரண்டும் ஒட்டி வந்தால் உங்கள் தயாரிப்பின் அளவே அதுதான். தயாரிப்பு மாறாமல் மதிப்பெண் மாறாது. உண்மைத் தேர்வில்தான் அதிகம் என்றால் நிதானமாக யோசியுங்கள், அடுத்த தடவை இறங்கவும் கூடும்.

முழு நீள மாதிரித் தேர்வே எழுதவில்லையா? சரி, மாற்ற வேண்டிய முதல் விஷயம் கிடைத்துவிட்டது.

படி 4: தவறுகளைப் பிரித்துப் பாருங்கள்

முடிவு பெரும்பாலும் இங்கேதான் தெரியவரும். இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். நீட் எழுதியவர்களுக்கு விடைத்தாளின் நகலும் விடைக்குறிப்பும் இணையத்தில் கிடைக்கும். எம்கேட், யூகேட் எழுதியவர்களுக்குக் கேள்விகள் திரும்பக் கிடைக்காது. அவர்கள் தங்கள் மாதிரித் தேர்வுகளை வைத்துச் செய்யலாம்.

தவறிய ஒவ்வொரு கேள்வியையும் இந்த ஐந்தில் ஒன்றில் போடுங்கள்: (1) பாடமே தெரியாது; (2) படித்தேன், ஆனால் மறந்துவிட்டது; (3) தெரியும், ஆனால் கேள்வியைத் தப்பாகப் படித்தேன் அல்லது கணக்கில் பிசகினேன்; (4) நேரம் போதவில்லை; (5) ஊகித்தேன்.

ஊகத்தில் இருந்து தொடங்குவோம். நீட்டில் சரியான விடைக்கு 4, தவறான விடைக்குக் கழித்தல் 1. குருட்டு ஊகத்தில் 30 கேள்வி தவறியிருந்தால் 30 மதிப்பெண் கழிந்திருக்கும்; ஊகத்தில் சரியாக வந்தவை அதை ஈடுகட்டினவா என்றும் எண்ணிப் பாருங்கள். எம்கேட்டில் தவறான விடைக்குக் கழிப்பது கிடையாது, அங்கே காலியாக விடுவதுதான் நஷ்டம்.

ஊகமும் நேரப் பிழையும் கவனப் பிழையும் அதிகம் என்றால் நல்ல செய்தி. இவை பயிற்சியில் திருந்தக்கூடியவை, சில மாதம் போதும். பாடமே தெரியாத கேள்விகள் அதிகம் என்றால் எந்தெந்தப் பாடம் என்று பெயர் எழுதுங்கள். இரண்டு மூன்று பாடம் என்றால் சமாளிக்கலாம். பாதிப் பாடத்திட்டமும் அதில் வந்தால் ஒரு முழு ஆண்டாவது வேண்டும்.

"மறந்துவிட்டது" நீளமாக இருப்பவர்கள்தான் பெரும்பாலும் கடினமாக உழைத்தவர்கள். அதனால் அவர்களுக்கு வலியும் அதிகம். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களையும், படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். அதே புத்தகத்தை இன்னொரு ஆண்டு அடிக்கோடிட்டுப் படிப்பது ஏன் பலருக்குக் கைகொடுப்பதில்லை என்பது இதில் தெரிகிறது. புத்தகத்தை மூடி வைத்து எழுதிப் பார்க்க நீங்கள் தயார் என்றால், அதுவே ஒரு உண்மையான மாற்றம்.

படி 5: தடை மதிப்பெண்தானா?

நீட்டில் பெரும்பாலும் தரவரிசைதான் எல்லாம், இந்தப் படியைத் தாண்டிவிடலாம். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற இடங்களில் பட்டப்படிப்பு அல்லது பள்ளி மதிப்பெண், நேர்காணல், மருத்துவமனை அனுபவம் எல்லாம் எடை பெறும். நேர்காணல் வரை போய் இடம் கிடைக்கவில்லை என்றால், தேர்வை மறுபடி எழுதுவதற்கு முன்னால் நேர்காணலுக்குத் தயாராவதுதான் முறை.

படி 6: ஒரு பக்கத்தில் எழுதி, வீட்டில் பேசுங்கள்

எந்த மாதம் தேர்வு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், செலவு யாருடையது, எந்த மூன்று விஷயம் மாறும், இடம் கிடைக்காவிட்டால் எந்தப் படிப்பு. "இன்னும் நன்றாகப் படிப்பேன்" என்ற வரியை அதில் எழுதாதீர்கள், அது திட்டம் ஆகாது. அம்மா அப்பாவிடம் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதைவிட இந்தப் பக்கத்தைக் காட்டிப் பேசுவது எளிது.

தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருப்பதே பாரம் என்ற எண்ணம் வருகிறது என்றால், தேர்வை எழுதுவதா என்ற யோசனையை அப்படியே நிறுத்திவிட்டு இன்றைக்கே வீட்டில் ஒருவரிடமும் ஒரு மருத்துவரிடமும் சொல்லுங்கள். தேர்வு காத்திருக்கும்.

படி 7: எழுதுவது என்று முடிவானால்

எட்டு வாரம் கழித்து ஒரு முழு மாதிரித் தேர்வுக்கு இப்போதே நாள் குறியுங்கள். அதையும் அதே ஐந்தாகப் பிரியுங்கள். தவறுகளின் எண்ணிக்கை குறைந்திருந்தால் அதே வழியில் போகலாம். குறையவில்லையென்றால், மீதி மாதங்களைச் செலவிடும் முன்பு ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து படிக்கும் முறையை மாற்றுங்கள். அடுத்த மாதிரித் தேர்விலும் அசைவு இல்லையென்றால், ஆறாம் படியில் எழுதி வைத்த அந்த இன்னொரு படிப்புக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.