கர்ப்பப்பைச் சீழுக்கு மூலிகை: எந்த மாட்டுக்கு, எப்போது, எப்படி

இந்த வைத்தியத்தில் முதல் வேலை, கன்று ஈன்ற மாட்டின் வாலைத் தூக்கிப் பார்ப்பது. மூலிகை பறிப்பதெல்லாம் அப்புறம்தான்.

எங்கள் மாடு செவலைக்கு மூன்றாம் ஈத்தில் நஞ்சுக்கொடி விழவில்லை. தொங்கிய கொடியை ஒருவர் கைவிட்டு இழுத்தார். நான் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு அவள் படுத்து எழுந்த இடத்திலெல்லாம் சீழ். கர்ப்பப்பைக்குள் ஆன்டிபயாடிக் விட்டோம், மருந்து கலந்த பாலைக் கீழே கொட்டினோம். அப்படியும் மூன்று முறை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்கவில்லை. அன்றைக்கு அந்தக் கையைத் தடுத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் கொடியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஈன்ற இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முழு வெள்ளை முள்ளங்கி கொடுங்கள். எட்டு மணி நேரம் ஆகியும் கொடி விழாவிட்டால், ஒன்றரைக் கிலோ வெண்டைக்காயை இரண்டாக நறுக்கி, வெல்லமும் உப்பும் சேர்த்துத் தின்னக் கொடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால், கொடியை அடிப்பக்கம் ஒட்டி முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டிவிடுங்கள். முடிச்சு உள்ளே போய்விடும், பயப்பட வேண்டாம். இழுக்க மட்டும் கூடாது. அடுத்த நான்கு வாரம் வாரத்துக்கு ஒரு முள்ளங்கி.

ஈன்ற முதல் பத்து நாள் தினமும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். சிவப்பும் பழுப்புமாக வழும்பு, அதாவது கர்ப்பப்பையிலிருந்து வரும் கொழகொழப்பான திரவம், வடிவது இரண்டு வாரம் வரை இயல்பு, அதில் கெட்ட வாடை இருக்காது. தண்ணீர் மாதிரி செம்பழுப்பாக, அழுகல் நாற்றத்தோடு ஒழுகி, காய்ச்சலும் 103 டிகிரியைத் தாண்டி, மாடு தீனி எடுக்காமல் நின்றால், அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அங்கே ஆன்டிபயாடிக் வேண்டும். கிருமி ரத்தத்தில் ஏறினால் மாடே போய்விடும். மூலிகையை நம்பி அந்த ஒரு நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூலிகைக்கு உரிய மாடு வேறு. ஈன்று மூன்று வாரம் கடந்திருக்கும், காய்ச்சல் இருக்காது, நன்றாகத் தின்னும், பால் கறக்கும். ஆனால் வழும்பில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சீழ் கலந்து வரும், இல்லையென்றால் சினை ஊசி திரும்பத் திரும்ப நிற்காமல் போகும். அது சினையாக இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு, சினைப் பருவத்துக்கு வந்த முதல் நாளோ இரண்டாம் நாளோ தொடங்குங்கள். பருவத்தின்போது கர்ப்பப்பை வாய் திறந்திருக்கும், தசை நன்றாகச் சுருங்கும், உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே தள்ளப்படும். மாடு தானே சுத்தம் செய்துகொள்ளும் நேரம் அது. அந்தப் பருவத்தில் சினை ஊசி போட வேண்டாம்.

முதல் ஐந்து நாள், நாளுக்கு ஒரு வெள்ளை முள்ளங்கி. அடுத்த நான்கு நாள், நாளுக்கு ஒரு சோற்றுக்கற்றாழை மடல். அதன்பின் நான்கு நாள் முருங்கை இலை, நாளுக்கு நான்கு கைப்பிடி. பிறகு அதே அளவு பிரண்டைத் தண்டு நான்கு நாள். கடைசி நான்கு நாள் நான்கு கைப்பிடி கறிவேப்பிலையோடு கொஞ்சம் மஞ்சள். ஒவ்வொரு நாளும் வெல்லமும் உப்பும் சேர்த்து, ஒரு வேளை. கூட்டிப் பாருங்கள், இருபத்தொரு நாள் வரும். மாட்டின் ஒரு பருவச் சுற்றும் அதுதான். முடிகிற நேரத்தில் அடுத்த பருவம் வந்து நிற்கும்.

பிரண்டையை நறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரிப்புத் தாங்காது. கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிடுங்கள், கழிச்சல் குறையும். இதெல்லாம் வாய்வழி கொடுப்பது மட்டுமே. வீட்டில் காய்ச்சிய கஷாயத்தைக் கர்ப்பப்பைக்குள் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். புண்ணான சவ்வு மேலும் புண்ணாகும், புதுக் கிருமியும் உள்ளே போகும்.

லேசான சீழ், பருவம் ஒழுங்காக வந்தால் மருந்தே இல்லாமலும் ஆறுவதுண்டு. அதனால் ஒரு மாடு தேறியதை வைத்து மூலிகைதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இதற்காகப் பாலைக் கொட்ட வேண்டியதில்லை. தேவையில்லாத இடத்தில் போடும் ஆன்டிபயாடிக், தேவைப்படும் நாளில் கேட்காமல் போகும் ஆபத்தும் இல்லை.

அடுத்த பருவத்தில் வழும்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, கம்பியாக இழுபட்டால் சினை ஊசி போடலாம். ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தாலும் அந்தப் பருவத்தை விட்டுவிட்டு இன்னொரு சுற்றுக் கொடுங்கள். இரண்டு சுற்று முடிந்தும் சீழ் நிற்காவிட்டாலோ, பருவமே வராமல் சீழ் தங்கியிருந்தாலோ, மருத்துவர் பரிசோதித்துப் பருவத்தை வரவழைக்கும் ஹார்மோன் ஊசி தேவையா என்று பார்க்கட்டும்.

செவலைக்கு ஒரு சுற்று போதவில்லை. இரண்டாவது சுற்று முடிந்த பருவத்தில் வழும்பு கண்ணாடியாக வந்தது. ஊசி போட்டோம். மூன்றாம் மாதம் கைவிட்டுப் பார்த்தபோது சினை.